ஏழு பானை மண்

சிட்னியில் லிட்கத்துக்குப் பக்கத்தில் கவுன்சில் பராமரிக்கிற பெரிய பூங்கா ஒன்றில் இனத்துக்கொரு தோட்டம் இருக்கிறது. மோல்டாக்காரர் மஞ்சள் கல்லில் பல்கணி கட்டி வைத்திருக்கிறார்கள். கொரியர்களுக்கு ஓட்டுக்கூரை மண்டபம். லெபனான்காரர் தங்கள் நாட்டு மரத்தை நட்டு, அதன் நிழலில் ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சி சுடுகிறார்கள். குரோவேஷியர்களின் தோட்டத்தில் ஒரு கிணறு. தண்ணீர் கிடையாது, ஆனாலும் வருகிறவர் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இத்தனை பேருக்கு நடுவில், கழிப்பறைக் கட்டடத்துக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் இடையில் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலம் தமிழருக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லிவிடுவது எளிது. அருந்தவன் அதற்காக மூன்று வருடம் நாயாய் அலைந்திருக்கிறார்.

அருந்தவன் தமிழ்த் தோட்டக் குழுவின் செயலாளர். செவன் ஹில்ஸில் வீடு, நகரத்தில் கட்டடச் செலவு மதிப்பிடும் வேலை. சொன்னால் சொன்னதுதான் என்று பெயரெடுத்த மனிதர். அதனாலேயே சங்கங்களில் அவரைச் செயலாளராகப் போடுவார்கள், தலைவராகப் போட மாட்டார்கள். தலைவர் சிவமணி. பல் வைத்தியர். பகல் முழுக்க மற்றவர்களை வாய் திறக்க வைத்துவிட்டு, மாலையில் தன் வாயைத் திறப்பதற்கு மேடை தேடுகிறவர்.

நிலம் கைக்கு வந்ததும் அதில் என்ன வைப்பது என்று குழு கூடியது. ஒருவர் சிலை என்றார். யாருடைய சிலை என்ற கேள்வியோடு அந்தக் கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டத்தில் ஒருவர் சின்னதாய் ஒரு கோபுரம் என்றார். அப்படியென்றால் பக்கத்தில் மாதா சுரூபமும் வேண்டும் என்று மன்னார்க் கத்தோலிக்கர் சொன்னார்கள். கடைசியில் அருந்தவன்தான் அந்த யோசனையைச் சொன்னார். ஏழு இடங்களிலிருந்து ஏழு பானை மண். யாழ்ப்பாணம், வன்னி, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, மலையகம், தமிழ்நாடு. நடுவில் ஒரு வட்டப் பாத்தி. அதில் ஏழு மண்ணையும் கொட்டிக் கலந்து மல்லிகை நடுவது. மண்ணோடு யார் சண்டை பிடிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் பிடிக்கவில்லை. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் அருந்தவன்.

வெளிநாட்டு மண் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கருவாட்டுக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் விமான நிலையத்தில் பட்ட பாடு ஆளுக்கொரு கதையாக இருந்தது. ஆனால் மண் என்று வந்ததும் அந்த அறிவெல்லாம் எழுந்து வெளியே போய்விட்டது. ஊர் மண்ணில் என்ன கிருமி இருக்கப் போகிறது என்று கேட்டவர் சத்தியபாமா. மட்டக்களப்புக்காரி, மருந்துக்கடை நடத்துகிறவர். அவரே அப்படிக் கேட்டால் மற்றவர்கள் என்ன சொல்வது? ஆனாலும் கெட்டிக்காரத்தனமாக ஒரு முடிவு எடுத்தார்கள். மண் விஷயத்தைத் தமிழில் மட்டும் பேசுவது, ஆங்கிலத்தில் மூச்சு விடுவதில்லை. உலகத்தில் வேறெந்தச் சங்கமாவது இப்படியொரு தீர்மானத்தை முன்மொழிந்து, வழிமொழிந்து, ஏகமனதாக நிறைவேற்றியிருக்குமா தெரியவில்லை.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். தோட்டத் திறப்பு பொங்கலையொட்டிய சனிக்கிழமை. அதற்கு ஒரு கிழமை முன்னால், வெயில் இறங்கிய நேரத்தில், மண் கொண்டுவரப் பொறுப்பேற்ற ஏழு பேரும் பானைகளின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூங்காவுக்கு வந்தார்கள். முதலில் சிவமணி யாழ்ப்பாணத்தைக் கொட்டினார். நல்ல சிவப்பு. அருந்தவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். சத்தியபாமா மட்டக்களப்பைக் கவிழ்க்கும்போது விம்மினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிக்காரர் சஞ்சய் தஞ்சாவூரைக் கறுகறுவென்று கொட்டினார். அந்த மண்ணில் மஞ்சள் வாசம் வருகிறதென்று எல்லோரும் வியந்தார்கள்.

மன்னார்ப் பானை றோசலினுடையது. றோசலின் பஸ் ஓட்டுகிறவள். குழுவில் சிரிப்பு மூட்டுகிற ஆள் அவள்தான். கூட்டம் இழுபட்டால், இது கடைசித் தரிப்பு, எல்லாரும் இறங்குங்கோ என்று எழும்பிவிடுவாள். படகில் வந்து, வருடக்கணக்காகத் தற்காலிக விசாவில் தொங்கிக்கொண்டிருந்து, ஒருவழியாக நிரந்தர விசா கிடைத்து, முதல் தடவையாக ஊருக்குப் போய் வந்திருந்தாள். அன்று அவள் பகிடி ஒன்றும் விடவில்லை. அவளுடைய பானையின் அடியில் வெளிர் மணல் கொஞ்சம்தான் இருந்தது. எல்லோரும் கைவைத்துக் கலந்துவிட வேண்டும் என்று அருந்தவன் சொன்னபோது, கலக்கத்தான் வேணுமோ அண்ணை என்று கேட்டாள். கலந்தால்தானே எல்லாம் ஒரே மண் ஆகும் என்றார் அவர். அப்படிச் சொன்னதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. அவள் பிறகு மண்ணுக்குள் கைகளை விட்டாள்.

திறப்பு விழா அன்று கொளுத்தும் வெயில். மேயருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், பாவம், அந்த மனிதர் அதைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் ஆடினார்கள். பொங்கல் பொங்கியது, குத்துவிளக்கு காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. சிவமணி தமிழில் பேசினார், மண்ணைப் பற்றி உருகினார். ஆங்கிலப் பேச்சை அருந்தவன் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் மண் என்ற சொல்லே கிடையாது. எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கும். ஆனால் அதற்கு முன்னால் பேசிய மேயர், மோல்டாக்காரர் தங்கள் கல்லைக் கப்பலில் கொண்டுவந்த கதையைச் சொல்லி அவர்களைப் புகழ்ந்துவிட்டார். சிவமணிக்கு அது பொறுக்கவில்லை.

சிவமணி கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபோதே அருந்தவன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர்கள் கல்லைக் கொண்டுவந்தார்கள், நாங்கள் எங்கள் நிலத்தையே கொண்டுவந்திருக்கிறோம் என்று சிவமணி நல்ல ஆங்கிலத்தில் முழங்கினார். ஏழு இடத்து மண்ணை நாங்கள் எங்கள் கையால் அள்ளி, பெட்டிக்குள் வைத்து, கடல் கடந்து கொண்டுவந்து இந்தப் பாத்தியில் போட்டிருக்கிறோம், நீங்கள் பார்ப்பது அவுஸ்திரேலியா இல்லை, தமிழ் மண் என்றார். தமிழர்கள் தீர்மானத்தை மறந்து கைதட்டினார்கள். மேயரும் தட்டினார்.

டெப்ரா தட்டவில்லை. பூங்காக்களுக்குப் பொறுப்பான கவுன்சில் அதிகாரி அவள். மூன்று வருடமும் அருந்தவனுக்குப் பக்கபலமாக நின்றவள். சர்க்கரைப் பொங்கலைக் கரண்டியால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அருந்தவனிடம் வந்து, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானே என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் கண் பாத்திப் பக்கம் போனது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள், தொலைபேசியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

அடுத்த நடனம் முடிவதற்குள் பாத்தியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியாகிவிட்டது. அதற்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்த சனம், ஏன் தங்களை விலக்குகிறார்கள் என்று புரியாமல் விலகியது. வெளிநாட்டுக் கிருமி நாட்டுக்குள் வராமல் தடுக்கிற உயிர்ப் பாதுகாப்பு அதிகாரி திங்கட்கிழமை காலை வருவார் என்று டெப்ரா அருந்தவனிடம் சொன்னாள். வெளிநாட்டு மண் என்று உறுதியானால் பாத்தி முழுவதையும் தோண்டி எடுத்து அழித்துவிடுவார்கள், கொண்டுவந்தவர்களுக்குத் தண்டம், நிலம் வரிசையில் அடுத்து நிற்பவர்களுக்குப் போனாலும் போகும். அவள் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. அதுதான் அருந்தவனுக்குத் தாங்க முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஏழு பானைக்காரரும் அருந்தவனின் வீட்டுக் கராஜில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். அருந்தவன் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். நாளைக்கு அதிகாரி கேட்கும்போது ஒவ்வொருவரும் மண்ணை எங்கே எடுத்தோம், எப்படிக் கொண்டுவந்தோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம், தண்டம் வந்தால் எல்லோரும் சேர்ந்து கட்டுவோம் என்றார்.  பிறகு சிவமணி தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அரை மணித்தியாலம் பேசுவார். இந்த முறை ஒரே வசனம்.

"அருந்தவன், என்ர மண் யாழ்ப்பாணத்து மண் இல்லை."

கொண்டுவரத்தான் செய்தாராம், கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும். அங்கே பயம் பிடித்துவிட்டது. பெட்டியைத் திறந்து பொட்டலத்தை எடுத்து அங்கிருந்த பூச்சாடிக்குள் கொட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார். வந்து பார்த்தால் அவர் வீட்டுப் பின்பக்கத்தில் நீச்சல் தடாகத்துக்கு வெட்டிய குழிக்குப் பக்கத்தில் நல்ல சிவப்புக் களிமண் குவிந்து கிடந்தது. அருந்தவனின் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது.

சஞ்சய் தலையைக் குனிந்தபடி, தானும் அப்படித்தான் என்றார். தஞ்சாவூருக்கே போகவில்லையாம், சென்னையோடு திரும்பிவிட்டாராம். இங்கே வந்து தோட்டச் சாமான் கடையில் ஒரு பை மண் வாங்கினார். "வாசனையா இருக்கட்டும்னு கொஞ்சம் மஞ்சள் தூள் கலந்தேன் சார்," என்றார்.

சத்தியபாமாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். நீங்களெல்லாம் படித்த மனிதர்களா, ஒரு புனிதமான காரியத்தில் இப்படியா விளையாடுவது என்று பொரிந்து தள்ளினார். தன்னுடைய மண் சொக்கத் தங்கம், ட்ருகனினாவில் இருக்கிற தம்பி மட்டக்களப்புக்குப் போய் வரும்போது கொண்டுவந்து, மெல்பேர்னிலிருந்து காரில் ஆள்வைத்து அனுப்பியது என்றார். நிரூபிப்பதற்காகத் தம்பியை அழைத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். தம்பி முதலில் வெயிலைப் பற்றிப் பேசினான், பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினான். சத்தியபாமா அதட்டியதும் உண்மை வந்தது. புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய மண்ணாம் அது.

"நீங்க அதைத் தொட்டு அழுதீங்க எண்டு கேள்விப்பட்ட பிறகு நான் எப்படி அக்கா சொல்றது?" என்றான்.

அதற்குப் பிறகு மற்றவர்களைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. திருகோணமலை என்றது இங்கே ஓர் ஆற்றங்கரையில் அள்ளியது. மலையகம் பள்ளிக்கூட மைதானத்து ஓரத்தில் தோண்டியது. வன்னி பக்கத்து வீட்டுக்காரரின் கத்தரிப் பாத்தி. ஆளுக்கு ஆள் தான் ஒருவர்தான் ஏமாற்றுகிறோம் என்று நினைத்து, மற்றவர்களின் மண்ணைப் பார்த்துக் கூசிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.  அந்த மண்ணைத் தான் நெற்றியில் வைத்துக்கொண்டதை நினைத்து அருந்தவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருடமாகத் தன்னைச் சுற்றி இருந்தவர்களா இவர்கள்?

அப்போதுதான் சிவமணி மெதுவாக, அப்படியென்றால் ஒருவரும் சட்டத்தை மீறவில்லையே என்றார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மீறவில்லைத்தான். மேடையில் பொய் பேசியதற்குத் தண்டம் போடுவதென்றால் இந்த நாட்டில் அரசியல்வாதி ஒருவரும் மிஞ்ச மாட்டார். முதலில் சஞ்சய் சிரித்தார், பிறகு சத்தியபாமா, பிறகு கராஜ் முழுக்கச் சிரிப்பு. கோபம் தணியாத அருந்தவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டம் தப்பியது. ஒருவர் எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார். உன்னுடைய மன்னார் எந்த பஸ் தரிப்பில் அள்ளியது என்று சிவமணி றோசலினைக் கேட்டார்.

"நானும் பொய்தான் சொன்னனான்," என்றாள் றோசலின். "அது மன்னார் மண் இல்லை."

மறுபடியும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அது முள்ளிவாய்க்கால் மண். என்ர பிள்ளையைத் தாட்ட இடம்."

உள்ளே கேத்தல் கொதித்து விசிலடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. றோசலின் பஸ்ஸில் பயணிக்கு வழி சொல்கிற மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் அந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததையும், ஷெல் விழுந்ததையும், நாலு வயது ஜெசிக்காவைப் பங்கருக்குப் பக்கத்தில் அவளும் கணவனும் கையாலேயே மணலைத் தோண்டிப் புதைத்ததையும் சொன்னாள். அடுத்த நாளே கணவனும் போய்விட்டான். சிலுவை நட ஒரு தடிகூட இருக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் போய்ப் பார்க்க முடிந்தது. போனால் அங்கே அடையாளம் என்று ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் இடித்து நிரவிவிட்டிருந்தார்கள். ஒரு உடைந்த மதகிலிருந்து குத்துமதிப்பாக இடத்தைக் கணித்து, முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தூரத்தில் ஆட்கள் வருவது தெரிந்தது. கைக்கு வந்த ஈர மணலைப் பவுடர் டின்னுக்குள் அடைத்துக்கொண்டு எழும்பிவிட்டாள்.

"அதுதான் அந்த இடமோ எண்டு எனக்கே தெரியாது அண்ணை," என்றாள் அருந்தவனைப் பார்த்து. "வேற ஆரோ ஒராளின்ர இடமாவும் இருக்கலாம். ஆனா என்ர பஸ் அந்தப் பூங்காவைத் தாண்டித்தான் போறது. போகேக்கையும் வரேக்கையும் ஒருக்கா திரும்பிப் பாப்பன். அவ்வளவுதான்."

 அந்த மணலைத்தான் அருந்தவன் நீச்சல் தடாகத்துக் களியோடும் கடைப்பை மண்ணோடும் கலக்கச் சொன்னார். கலக்கத்தான் வேணுமோ என்று அவள் கேட்டபோது பெருமையாகப் பதில் வேறு சொன்னார்.  சத்தியபாமா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். இந்த முறை அழுகைக்குச் சத்தமில்லை.

கடைசியில் அருந்தவன்தான் பேசினார். நாளைக்கு எல்லாம் உள்ளூர் மண் என்றுதான் சொல்லப் போகிறோம், ஏழும், என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் அதைச் சொன்னதும் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும், அது போதும் என்றாள் றோசலின். பிறகு தனக்கு மாலை வேலை இருக்கிறதென்று எழுந்து போனாள்.

திங்கட்கிழமை காலை அதிகாரி வந்தார். நரைத்த மீசை, அமைதியான மனிதர். டெப்ராவும் வந்தாள். பானைக்காரர்கள் எல்லோரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நாடாவுக்கு வெளியே நின்றார்கள். றோசலின் பஸ் சீருடையில் வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். சிவமணி முன்னே போய், சனிக்கிழமை தான் பேசியது வெறும் அலங்காரம், மேடையில் நின்றால் தனக்கு நிதானம் இருப்பதில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அருந்தவன் ஒவ்வொரு மண்ணாக எடுத்த இடத்தைச் சொன்னார். தடாகக் குழி, தோட்டக் கடை, ட்ருகனினா அத்திவாரம், ஆற்றங்கரை. எல்லாம் உண்மை என்பதால் சொல்லச் சுலபமாக இருந்தது. டெப்ராவின் முகம் தெளிந்தது, அவள் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

அதிகாரியும் சிரித்தார். ஆனாலும் வந்ததற்குக் கொஞ்சம் அரித்துப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மண்டியிட்டு உட்கார்ந்தார். சின்ன மண்வாரியால் பாத்தியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக அள்ளி அரிதட்டில் போட்டார். சிவப்புக் களி வந்தது, கறுப்பு மண் வந்தது. பிறகு ஓரிடத்தில் வெளிர் மணல் வந்தது. இது என்ன என்று நிமிர்ந்து கேட்டார்.

பிள்ளைகள் விளையாடுகிற மணல், கடையில் வாங்கியது என்றார் அருந்தவன். அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்துதான் வந்தன என்பதை அவரால் நம்ப முடியவில்லை. றோசலின் நின்ற பக்கம் திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை.

அதிகாரி தலையசைத்துவிட்டு அரித்தார். மணல் முழுவதும் விழுந்தபின் தட்டில் கட்டிபட்ட ஒரு சின்ன மண்ணுருண்டை மிஞ்சியது. விரலால் நசுக்கினார். உள்ளே என்னவோ இருந்தது. சாவணத்தால் பிடித்து எடுத்து, போத்தல் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு விரல் நீளத்துக்கு நைலோன் நூல், அதில் இரண்டு சின்ன மணிகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. நூலின் நுனியில் ஒரு முடிச்சு.

றோசலின் நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். உள்ளே வரக்கூடாது என்று டெப்ரா சொன்னது அவள் காதில் விழவில்லை. அதிகாரிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கண்ணுக்குக் கிட்டவாக அந்த முடிச்சைப் பார்த்தாள். தொடவில்லை.  பிறகு அருந்தவன் பக்கம் திரும்பினாள்.

"இது என்ர மனுசன்ர மீன்வலைத் தங்கூசி," என்றாள். "நூல் இல்லையெண்டு வலையில வெட்டி எடுத்து, நான்தான் மணி கோத்துப் பிள்ளையின்ர கையில கட்டினனான். இது என்ர முடிச்சு."

அருந்தவன் நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சத்தியபாமா கடவுளே கடவுளே என்று முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. அதிகாரி ஒருவர் முகத்தையும் புரிந்துகொள்ளாமல் எல்லோரையும் பார்த்தார். றோசலின் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். இது என் மகளின் கையில் கட்டியிருந்த மணி, இந்த மணல் அவளைப் புதைத்த இடத்திலிருந்து நான் கொண்டுவந்தது, எனக்குக் கட்டாயம் தண்டம் போடுங்கள், இவருக்குப் போடாதீர்கள், இவர் எனக்காகத்தான் பொய் சொன்னார் என்றாள். டெப்ரா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த மனிதர் அரிதட்டைக் கீழே வைத்தார். இந்த வேலையில் என்னென்னவோ பிடித்திருப்பார். பிறகு, தன் குரலைத் தாழ்த்தி, மணியையும் நூலையும் சுத்தம் செய்து இப்போதே தந்துவிடலாம், மண்ணை விட முடியாது என்றார். உங்கள் மணல் எது என்று காட்டினால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை இருக்க விடுவதற்கு வழியுண்டா என்று பார்க்கிறேன் என்றும் சொன்னார். றோசலின் அருந்தவனைப் பார்த்தாள். அருந்தவன்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. பிரிக்க முடியாது, எல்லாவற்றையும் நாங்கள் கலந்துவிட்டோம், நான்தான் கலக்கச் சொன்னேன் என்றார்.

அப்படியென்றால் முழுப் பாத்தியும் போகும் என்றார் அதிகாரி. நிலத்தைப் பற்றிக் கவுன்சில் கூடித்தான் முடிவு செய்யும் என்றாள் டெப்ரா. மூன்று வருட உழைப்பு போகிறது என்பது அருந்தவனுக்குத் தெரிந்தது. அதற்காகக் கவலைப்பட அன்று அவரிடம் மனம் மிச்சமிருக்கவில்லை.

பைகளில் தானே நிரப்பித் தரலாமா என்று றோசலின் கேட்டாள். அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன்னுடைய மேலதிகக் கையுறைகளைக் கொடுத்தார். அவள் அந்த மண்ணை, களி எது மணல் எது என்று பாராமல், இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். மற்றவர்கள் நாடாவுக்கு வெளியே நின்றார்கள். பக்கத்தில் போய் ஒரு கை கொடுக்க ஒருவருக்கும் முகமில்லை. மல்லிகைக் கன்றுகளும் வேரோடு பைக்குள் போயின.

பைகளை வண்டியில் ஏற்றும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றி, கழுவித் தந்த மணிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருந்தவன் கிட்டப் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும், எதிலிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. அவள் முந்திக்கொண்டாள்.

"அப்ப இடம் சரிதான் அண்ணை," என்றாள். "நான் வேற ஆரோ ஒராளின்ர பிள்ளைக்கு அழுதிட்டு வரேல்லை. என்ர பிள்ளைக்குத்தான் அழுதனான்."